டங், டக், கடகட: தூக்கிக் கட்டிய பிக்கப்பின் நோயைச் சத்தத்தில் பிடிப்பது

பட்டறைக்கு வருகிறவர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "அண்ணாச்சி, டிராவல் கூட்டுனோம், இப்ப முன்னால டங்குனு அடிக்குதுல்லா." வண்டியை ஜாக்கியில் ஏற்றி அளந்து பார்த்தால், பெரும்பாலும் டிராவல் அரை அங்குலம்கூடக் கூடியிருக்காது. உயரம்தான் கூடியிருக்கும்.

சக்கரம் முழுசாகத் தொங்கும் இடத்துக்கும், முழுசாக அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் (எல்லையில் தாங்கும் ரப்பர்க் கட்டை) முட்டும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் டிராவல். கம்பெனியிலிருந்து வரும் சாதாரண பிக்கப்பின் முன்பக்கத்தில் இது சுமார் 8 அங்குலம் இருக்கும். சக்கரத்தைச் சேசிஸோடு கோக்கும் ஆர்ம் நீளமாக, நீளமான ஆக்சில், நீளமான ஷாக்கப்சர் எல்லாம் போட்டால் 12, 14 அங்குலம் வரும். 1967-இல் தொடங்கிய பாஹா 1000 பந்தயத்தில் ஓடும் பெரிய டிரக்குகளில் முன்னால் 24 அங்குலத்துக்கும் மேல், பின்னால் 30-ஐயும் தாண்டும். நம் ஊரில் இரண்டு அங்குல ஸ்பேசர் (இடையில் வைக்கும் கட்டை) வைத்துத் தூக்குகிறோமே, அதில் மொத்தத் தூரம் மாறுவதில்லை. வண்டி நிற்கிற இடம் மட்டும் மேலே போகிறது. அதாவது, கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தைத் தின்றுவிட்டு நிற்கிறது. கீழே வரும் பாதித் தொல்லைகளின் வேர் இதுதான்.

முதலில் நோட்டும் டேப்பும்

எந்தச் சத்தமாக இருந்தாலும் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். சேசிஸுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தையும் காயில் ஸ்பிரிங்கையும் கழற்றுங்கள். ஆர்ம், பால் ஜாயின்ட், ஸ்டீரிங் ராடு, ஆக்சில், ஸ்பிரிங் இல்லாத ஷாக்கப்சர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து, முழுத் தொங்கலிலிருந்து பம்ப் ஸ்டாப் வரை அங்குலம் அங்குலமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு அங்குலத்திலும் எது எதில் உரசுகிறது, ஷாக்கப்சர் தண்டு எவ்வளவு மிச்சம், பிரேக் ஓஸ் எவ்வளவு இழுக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அப்புறம் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, அதே வேலையை மறுபடியும் செய்யுங்கள். ஒரு மதியம் போய்விடும். போகட்டும்.

ஒரு எச்சரிக்கை: அமுங்கி இருக்கிற காயில் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அதற்கான கம்ப்ரெஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றாதீர்கள். கயிறு கட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

பள்ளத்தில் 'டங்'

கேட்பதற்கு ஒரே சத்தம், ஆனால் நோய் இரண்டு. சக்கரம் மேலே ஏறி முட்டுவது ஒன்று. மேட்டைத் தாண்டியதும் சக்கரம் காற்றில் தொங்கி, கீழே இழுத்து நிற்பது இன்னொன்று. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் அடுத்தடுத்து வருவதால் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டுக்கும் மருந்து நேர் எதிர் என்பதால், கண்டுபிடிக்காமல் கைவைத்தால் நோய் கூடும்.

ஷாக்கப்சரின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கமாகக் கட்டி, உடம்போடு ஒட்டித் தள்ளி வையுங்கள். தண்டு ரப்பருக்குள் மறைந்திருந்தால் பம்ப் ஸ்டாப்பின் முனையில் ஈரக் களிமண் ஓர் உருண்டை அப்பிவிடுங்கள். கால்வாய்க் கரையோரம் வண்டித்தடம் விழுந்த மண் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை தண்டின் கடைசி வரை போயிருந்தால், அல்லது களிமண் அப்பளமாகியிருந்தால், மேலே முட்டுகிறது. இரண்டும் இல்லை, ஆனால் மேல் ஆர்ம் காயில் கூட்டில் பட்டு பெயின்ட் போய்ப் பளபளவென்று இருக்கிறது என்றால், கீழே இழுத்து நிற்கிறது. ஸ்பேசர் வைத்துத் தூக்கிய, இரட்டை ஆர்ம் உள்ள வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவதுதான். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டுமே முன்னால் இரட்டை ஆர்மும் காயிலும், பின்னால் பட்டையும் (தட்டுத் தட்டாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்) உள்ளவை. இந்தப் பகுதி அவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

மேலே முட்டினால் முதலில் பம்ப் ஸ்டாப் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், 'டிராவல் கூடட்டும்' என்று அதை அறுத்துப் போட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஷாக்கப்சர் உள்ளே முட்டுவதற்கு அரை அங்குலம் முன்னாலேயே பம்ப் ஸ்டாப் தாங்கிவிட வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்தது அமுங்கும்போதைய வால்வு. அதற்கும் அப்புறம்தான் ஸ்பிரிங்கின் கடினம்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். காயில்ஓவரின் (ஷாக்கப்சரைச் சுற்றியே ஸ்பிரிங் உள்ளது) மேல் வளையத்தைத் திருகி இறக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. வண்டி உயரும், அவ்வளவுதான். 600 பவுண்டு ஸ்பிரிங் (ஓர் அங்குலம் அமுங்க 600 பவுண்டு கேட்பது) எவ்வளவு திருகினாலும் 600 பவுண்டுதான். அதோடு, சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது அந்த 600 அப்படியே இருப்பதும் இல்லை. உள் புஷ்ஷிலிருந்து பால் ஜாயின்ட் வரை உள்ள ஆர்மின் நீளத்தில் 60 சதவீத இடத்தில் ஷாக்கப்சரைக் கோத்திருந்தால், 8 அங்குலத் தண்டு சக்கரத்துக்கு 13 அங்குலம் கொடுக்கும், நல்லது. ஆனால் ஸ்பிரிங்கின் கடினம் 0.6-ஐ 0.6-ஆல் பெருக்கிய அளவுக்குக் குறையும். 600 என்பது சக்கரத்தில் 216 ஆகிவிடும். ஆர்மை நீட்டிவிட்டு, பழைய ஸ்பிரிங்கையே மாட்டி, "புது கிட்டு அமுங்குது" என்று வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டுவேன்.

கீழே இழுத்து நின்றால் வண்டியை இறக்குங்கள். கேட்க யாருக்கும் பிடிக்காது. நிற்கும் நிலையில் மொத்த டிராவலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கீழே போகவும், மீதி மேலே வரவும் இருக்க வேண்டும். நோட்டைப் பாருங்கள்: 8 அங்குல வண்டியை 2 அங்குலம் தூக்கினால் கீழே போக ஓர் அங்குலம்கூடத் தேறாது. உயரம் கட்டாயம் வேண்டுமென்றால் கோணம் மாற்றிச் செய்த மேல் ஆர்மும் நீளமான ஷாக்கப்சரும் வேண்டும். கூடவே லிமிட் ஸ்ட்ராப், அதாவது சக்கரம் அளவுக்கு மேல் தொங்காமல் பிடிக்கும் வார். ஷாக்கப்சர் முழுசாக நீள்வதற்கு ஒரு சென்டிமீட்டருக்கு முன்னாலேயே ஸ்ட்ராப் பிடித்துவிட வேண்டும். புது ஸ்ட்ராப் ஓடஓடக் கொஞ்சம் இழுபடும் என்பதால், அதையும் கணக்கில் வைத்துச் சற்றுக் குட்டையாகவே கட்டுங்கள்.

மூன்றாவது 'டங்' ஒன்றும் உண்டு. இரண்டு நாள் ஒரு வண்டியோடு மல்லுக்கட்டி, புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் மாற்றியபிறகு பார்த்தால், சீட்டுக்கு அடியில் ஜாக்கி அதன் கொக்கியிலிருந்து கழன்று கிடந்தது. கூலி வாங்கவில்லை.

நல்ல ரோட்டிலேயே உதறல்

இது பின்பக்கப் பட்டையின் சமாசாரம். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிற வண்டிகளில் கூடுதலாக ஒரு பட்டை சொருகி, வளைவையும் ஏற்றியிருப்பார்கள். லோடு இருக்கும்போது ராஜா மாதிரி போகும். காலியாகத் திரும்பும்போது குடல் வாய்க்கு வரும்.

பட்டையின் முனையைச் சேசிஸோடு கோக்கும் ஆடுகிற கொக்கி, அதுதான் ஷாக்கில்; அதைப் பாருங்கள். பட்டை அமுங்கினால் நீளும். நீள்வதற்கு இடம் கொடுப்பது ஷாக்கில். வண்டி நிற்கும்போது, சேசிஸிலிருந்து தொங்குகிற பின் ஷாக்கிலின் கீழ்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். வளைவு ஏற்றிய பட்டை குட்டையாகி, அந்த முனையை முன்னால் இழுத்துவிடும். அப்போது பட்டை நீள வேண்டுமென்றால் ஷாக்கில் முதலில் நிமிர வேண்டும், நிமிரும்போது சேசிஸையே தூக்க வேண்டும். அதுதான் உதறல். நல்ல பட்டையாக இருந்தாலும் இந்தக் கோணத்தில் கட்டையாகத்தான் நடக்கும். மருந்து, வளைவைக் குறைப்பது, அல்லது சேசிஸில் ஷாக்கில் தொங்கும் இடத்தை முன்னே நகர்த்துவது. நீள ஷாக்கில் மட்டும் போட்டுச் சமாளிப்பது எனக்குப் பிடிக்காது. பினியனின் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போய்ச் சேரும் பல்சக்கரம்) கோணம் கெட்டு வேறொரு நோய் வரும்.

உண்மையிலேயே பின்னால் டிராவல் வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: நீளமான, மெல்லிய, அதிகத் தட்டுள்ள பட்டை. கலிஃபோர்னியா பாலைவனத்தில் ஓட்டுகிறவர்கள் சின்ன பிக்கப்புகளுக்கு ஷெவர்லேயின் 63 அங்குலப் பட்டையைத் தேடிப் போடுவதன் காரணம் இதுதான். நம்மூரில் பட்டைப் பட்டறைக்காரரிடம், "லோடு தாங்க வேண்டாம், வளைந்து கொடுத்தால் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். நான்கைந்து தடவை சொன்னால் செய்துதருவார்.

நேராகப் போகாமல் அலைகிறது

முதலில் எங்கே அலைகிறது என்று கேளுங்கள். பணகுடி, காவல்கிணறு தாண்டி அலைகிறது, வள்ளியூருக்கு வடக்கே அலையவில்லை என்றால், ஆனியிலிருந்து ஆவணி வரை அது வண்டியின் குற்றமே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற காற்று உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? பாளையங்கோட்டை பக்கம் காற்றில்லாத காலை நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காற்று இல்லாமலும் அலைந்தால், ஓட்டுகிற இடத்தை வைத்துப் பிரிக்கலாம். சமமான நாற்கரச் சாலையிலேயே ஸ்டீரிங் லேசாகி, திருப்பிய பின் தானாக நேராகத் திரும்பி வராமல் இருந்தால், காஸ்டர் குறைந்திருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்தான் காஸ்டர். தூக்கினாலே காஸ்டர் குறையும். வீல் அலைன்மென்ட் மெஷினில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெரிய டயர் போட்ட வண்டிக்கு 3 டிகிரிக்குக் கீழே இருந்தால் நான் விடமாட்டேன், 4 கிடைத்தால் சந்தோஷம்.

சமமான ரோட்டில் ஒழுங்காகப் போய், மேடுபள்ளத்தில் மட்டும் ஸ்டீரிங் தானாக இடமும் வலமும் இழுத்தால் அது பம்ப் ஸ்டீர். ஆர்ம் ஒரு வட்டத்தில் ஏறி இறங்க, ஸ்டீரிங் ராடு வேறொரு வட்டத்தில் ஏறி இறங்குகிறது. ஆர்மை ஒவ்வொரு பக்கமும் மூன்றரை அங்குலம் நீட்டிவிட்டு, ராடை நீட்டி அளவெடுக்காமல் ஏதோ கிடைத்ததை மாட்டினால் இது கட்டாயம் வரும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஹப்பில் ஒரு நேர்ப் பலகையைக் கட்டி, ஜாக்கியில் அங்குலம் அங்குலமாக ஏற்றும்போது பலகையின் முன்முனையும் பின்முனையும் எவ்வளவு நகர்கின்றன என்று டேப்பால் அளங்கள். ராடின் உள் ஜாயின்ட், மேல் ஆர்மின் உள் புஷ்ஷையும் கீழ் ஆர்மின் உள் புஷ்ஷையும் சேர்க்கும் கோட்டில் வர வேண்டும். வெளி ஜாயின்ட், இரண்டு பால் ஜாயின்ட்டையும் சேர்க்கும் கோட்டில் வர வேண்டும். வெளி முனையை ஸ்பேசர் வைத்து ஏற்றி இறக்கித் திருத்தலாம். பூச்சியமாக்க முடியாது. நிற்கும் உயரத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலும் கீழும் பலகை அசையாமல் இருந்தால் போதும். கடைசி அங்குலங்களில் கொஞ்சம் திரும்பினால் மன்னித்துவிடலாம்.

திருப்பும்போது 'கடகட'

வெளி சி.வி. ஜாயின்ட், அதாவது முன் ஆக்சிலின் சக்கரப் பக்க மூட்டு. நேராகப் போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் அதிர்வு, விட்டால் இல்லை என்றால் உள் ஜாயின்ட். வெளியிலுள்ளது 45 டிகிரிக்கும் கொஞ்சம் மேலே வரை தாங்கும். உள்ளே இருப்பது அதில் பாதிதான் தாங்கும், அதனால் டிராவலின் எல்லையை அநேகமாக அதுதான் தீர்மானிக்கும். முழுத் தொங்கலிலும் முழு ஒடிப்பிலும் ஆக்சிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் அந்த உயரத்துக்கு மேலே ஸ்ட்ராப் போட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் டிஃப்ரென்ஷியலைக் கொஞ்சம் இறக்குங்கள். ரப்பர் பூட் கிழிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். திசையன்விளைப் பக்கத் தேரிச் செம்மணல் கிரீஸோடு சேர்ந்தால் அது கிரைண்டிங் பேஸ்ட், வேறொன்றும் இல்லை.

எடுக்கும்போது பின்னால் 'டக் டக்', வேகத்தில் அதிர்வு

இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் கியரில் லோடோடு எடுக்கும்போது மட்டும் பின்சக்கரம் துள்ளினால், பட்டை எஸ் எழுத்து மாதிரி முறுக்கிக்கொள்கிறது. பின் ஆக்சில் ஹவுசிங்கின் மூக்கு மேலே தூக்கும், பட்டை பிடித்து இழுக்கும், விடும், மறுபடி தூக்கும். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கியிருந்தால் நெம்புகோல் நீண்டு இது கூடும். கட்டை மேல் கட்டை வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். டிராக்‌ஷன் ராடு (ஹவுசிங் முறுக்காமல் தாங்கும் கம்பி) போடலாம். ஆனால் அதன் முன்முனை ஷாக்கிலில் தொங்க வேண்டும். சேசிஸில் நேராகப் பூட்டினால் நீங்கள் கஷ்டப்பட்டுக் கூட்டிய டிராவலை அந்த ராடே தடுத்துவிடும்.

எல்லா நேரமும் இல்லாமல் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம். கியர்பாக்ஸின் வெளிமுனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பட்டை முறுக்கும்போது பினியன் மேலே ஏறும் என்பதால், நிற்கும்போது அதை ஒன்றிரண்டு டிகிரி கீழே வைப்பேன். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துத் திருத்தலாம். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் நடு பேரிங்கையும் இறக்க வேண்டி வரலாம். ஷாஃப்ட் மூட்டிலுள்ள யூ.ஜே. கிராஸ் மாதாமாதம் போகிறதென்றால் கடைக்காரர் மட்டமான சாமான் கொடுத்தார் என்று சண்டை போடாமல் கோணத்தை அளங்கள்.

முதல் பத்து கிலோமீட்டர் நன்றாக இருந்து, அப்புறம் படகு

ஷாக்கப்சர் ஆயில் சூடாகி, காற்றோடு கலந்து நுரைத்துவிட்டது. சித்திரை வெயிலில் தொடர்ந்து குலுங்குகிற ரோட்டில் ஓட்டினால் சாதாரண ட்வின் டியூப் (குழாய்க்குள் குழாய்) ஷாக்கப்சர் அரை மணி நேரம்கூடத் தாங்காது. தனிச் சிலிண்டர் உள்ளதில் நைட்ரஜன் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும், அது கசிந்திருந்தால் அதே நோய் வரும். டயர்க் கடையில் நைட்ரஜன் அடிக்கிறார்களே என்று அங்கே கொண்டுபோகாதீர்கள். டயர் மெஷின் பொதுவாக அந்த அழுத்தத்துக்கு வராது, ஊசி வால்வும் வேறு.

பிரேக்

இதைச் சத்தமாகத் தேடாதீர்கள், சத்தம் வராது. பல பிக்கப்புகளில் பின் ஹவுசிங்கிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கம்பி போகும். லோடு எவ்வளவு என்று பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் பிரித்துக் கொடுக்கும் வால்வின் கை அது. வண்டியைத் தூக்கினால் 'காலி வண்டி' என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். எத்தனை அங்குலம் தூக்கினீர்களோ, அந்த அளவுக்குக் கம்பியின் பிடியையும் நகர்த்த வேண்டும்.

ஓஸ் விஷயத்தில் நான் அடிபட்டவன். என் சொந்த வண்டியில் முன் டிராவலைக் கூட்டிவிட்டு, 'ஓஸ் எட்டும்' என்று கண்ணாலேயே அளந்துவிட்டேன். நேராகத் தொங்கும்போது எட்டியது. காய்ந்து கிடந்த நம்பியாற்றுக் கரையில் இறங்கி, தொங்கலோடு ஸ்டீரிங்கையும் ஒடித்தபோது பிய்த்துக்கொண்டது. பெடல் தரையைத் தொட்டது. மேட்டில் ஏறி நின்றுவிட்டதால் பிழைத்தேன். நோட்டில் இரண்டு பக்கமும் ஒடித்து மறுபடி அளக்கச் சொன்னது அதனால்தான்.

வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல்

சேசிஸில் புதுப் பிடி வைத்த இடத்தில் வரும். குறுக்கே நேர்க்கோடாக வெல்ட் ஓட்டியிருந்தால் அந்தக் கோட்டை ஒட்டியே கிழியும். பழைய வெல்டின் மேலேயே மறுபடி அடிக்காதீர்கள். விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு நிறுத்தி, அரைத்தெடுத்து, நிரப்பி, மேலே மீன்வால் வடிவப் பிளேட்டு வையுங்கள்.

வெல்டிங் என்றதும் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம், தயாரித்த கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆர்மை நீட்டி அகலம் கூட்டிய வண்டியைத் தனியார் நிலத்தில் ஓட்ட மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். புத்திசாலிகள். மாஞ்சோலை மலைப் பக்கம் ஏற்றிப் பார்க்கலாம் என்ற ஆசையை மறந்துவிடுங்கள்; அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்.

தேரியில் புதைகிறது

சஸ்பென்ஷன் நோயே இல்லை. டயரில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள், வெளியே வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள்.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

சமமான தரையில் நிறுத்தி, ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளங்கள். டீசல் டாங்கும் பேட்டரியும் ஒரே பக்கம் இருந்தால் அரை அங்குல வித்தியாசம் சகஜம். அதற்கு மேலே இருந்தால் முன் காயில்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் கூடவே மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பின்னால் போய் சென்டர் போல்ட் வெட்டியிருக்கிறதா, எந்தப் பட்டையாவது உடைந்து உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். சேசிஸை மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டியிருக்கிறது.